நாலு பெண் பூச்சியும் ஒரு சீசாவும்

விடியும் முன்னே எழுந்தான் றொக்சன். பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினான். வெளியே பைப்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாளியை அடியில் வைத்துவிட்டுப் பல் துலக்கினான். முகம் கழுவினான். முன்பெல்லாம் இந்தத் தண்ணீர் பட்டால் ஆளே துள்ளுவான். இப்போது துள்ளுவதில்லை. வாளி நிறைந்ததும் பைப்பை மூடினான். உள்ளே கொண்டுவந்து வைத்தான். கேத்திலில் தண்ணீர் கொதித்தது. தேயிலைச் சாயம் ஊற்றி, சீனி போடாமல் குடித்தான்.

மாமியார் தெரேசா இடுப்பில் படங்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, தேயிலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்பட நின்றார்.

“ரொட்டி மூடி வச்சிருக்கேன் மாப்புள. சம்பலுக்கு ஒறப்பு கொறச்சிதான் போட்டேன்.”

“சரிங்க அத்த.”

“சரின்னு சொல்லிட்டு நாயிக்குப் போட்டுறாதீங்க. நேத்து அது என்னயப் பாத்து வால ஆட்டுன ஆட்டுல எனக்குத் தெரிஞ்சி போச்சி.”

அவர் போனபின் ஒரு ரொட்டியைத் தின்றான். பிறகு கட்டிலுக்கடியில் இருந்த சப்பாத்துப் பெட்டியை இழுத்தான். அதற்குள் விரல் நீளத்தில் நாலு சீசாக்கள். ஒவ்வொன்றிலும் அற்ககோல், அற்ககோலுக்குள் ஒரு தத்துப்பூச்சி, அரிசிமணி அளவு. ஒவ்வொரு சனிக்கிழமையும் தக்கையைத் திறந்து, குறைந்ததைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி மூடுவான். அன்றைக்கும் நிரப்பினான்.

ஐந்தாவது சீசா பெட்டியில் இல்லை. அது முன்னறையில், சுவர்த் தட்டில், மாதா சுரூபத்துக்கும் மனைவி கேத்ரினின் படத்துக்கும் நடுவே இருந்தது. அவள் செத்த அன்று அவன் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் தெரேசா கண்டெடுத்தது. மகள் கடைசியாகப் பிடித்த பூச்சி என்று தெரிந்ததும் கொண்டுபோய் மாதாவிடம் வைத்துவிட்டார். முன்னால் தினமும் மெழுகுதிரி எரிந்தது. றொக்சன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தத் தட்டைப் பார்க்காமல் முன்னறையைக் கடந்துபோகப் பழகியிருந்தான்.

போன் அடித்தது. கண்டியிலிருந்து அஸீலா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இவனும் கேத்ரினும் அவளும் ஒரே வகுப்பு. அவள் அங்கேயே விரிவுரையாளராகிவிட்டாள். இவனும் கேத்ரினும் மலைக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் கற்பித்தார்கள்.

“நீங்க போன் எடுக்கிறது பெருநாள் பிறை பாக்கிற மாதிரி ஆகிட்டு றொக்சன்.”

“சொல்லுங்க.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? திங்கக்கிழமைக்குள்ள சஞ்சிகைக்கு ஆண் பூச்சியோட படம் போகணும். இனி தவணை தரமாட்டாங்களாம். இல்லாட்டி கட்டுரைய திருப்பி எடுக்கச் சொல்றாங்க.”

“ஆண் இல்ல.”

“ஐஞ்சாவது சீசா?”

அவன் சப்பாத்துப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

“இன்னும் பாக்கலயா? லென்ஸ் வச்சா ஒரு நிமிஷ வேலை.”

“இன்னைக்கு மலைக்குப் போறேன். வேற ஒண்ணு கிடைக்கும்.”

“கிடைக்காட்டி?”

“பாப்போம்.”

“றொக்சன், இதுல முதல் பேர் கேத்ரின். அவள்ட பேர்ல வாறது இது ஒண்ணுதான். இத நான் விடமாட்டன். நீங்களும் விடக்கூடாது.” சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

விடயம் சிக்கலானது அல்ல. நூறு வருடத்துக்கு முன்னர் பூண்டுலோயாப் பக்கம் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், பொழுதுபோகாமல் பூச்சி பிடித்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஒருவர் ஒரு பெண் பூச்சியை வைத்து மூன்று வரி எழுதிப் பெயரும் வைத்துவிட்டார். இதே மலையில், காட்டு மூங்கிலில், கேத்ரின் கண்டது அதே பூச்சியா, அதற்கு அடுத்த இனமா என்று அந்த மூன்று வரியை வைத்துச் சொல்ல முடியாது. பெண் பூச்சிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆணின் வயிற்று நுனியில்தான் இனத்துக்கு இனம் வேறுபடும் உறுப்பு இருக்கிறது. அதைப் பார்க்க வயிற்றை வெட்டி எடுத்து, காரத்தில் சூடாக்கி, சதையைக் கரைக்க வேண்டும். கேத்ரின் ஒரு வருடமாகத் தேடினாள். சீசாவில் விழுந்த நாலும் பெண்.

ஐந்தாவதைப் பார்த்தால் முடிந்துவிடும். ஆண் என்றால் வெட்ட வேண்டும். பெண் என்றால், அவள் ஒன்றுக்கும் இல்லாமல் செத்தாள் என்றாகிவிடும். ஆறு மாதமாக றொக்சன் இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தான்.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. கேத்ரினின் தம்பி ஜெரோமி, தலையில் ஹெல்மட்டோடு இறங்கினான். நல்ல வெயிலில் மழைக்கோட்டும் போட்டிருந்தான்.

“வாங்க மச்சான். மாயாண்டி ஆளுக கத்தி தீட்டிட்டானுக. இப்ப போகாட்டி மூங்கிலு இல்ல, முளைதான் இருக்கும்.”

“ஹெல்மட் எதுக்கு?”

“குளவிக்கு. ஹெல்மட் போட்டுப் பூச்சி புடிக்கிற மொத ஆளு நான்தான். அதயும் ஒங்க கட்டுரையில எழுதுங்க.”

நாலாம் நம்பர் மலையின் ஓரத்தில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஓடையை ஒட்டி மூங்கில் புதர் ஒரு வரிசையாகப் போகிறது. குளவி கூடு வைத்ததும் அங்கேதான். கேத்ரினுக்குப் பிறகு கொழுந்து எடுக்கும் பெண்கள் அந்த மலையில் இறங்க மறுத்துவிட்டார்கள். காட்டோரத்தை வெட்டித் தரும்வரை வேலையில்லை என்று பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தார்கள். தெரேசாவும் உட்கார்ந்தார். தோட்டத் துரைக்குக் கொடுத்த மனுவில் றொக்சனும் கையெழுத்து வைத்தான். கூடுகளை எரித்தாகிவிட்டது. இன்றைக்குப் புதரை வெட்டுகிறார்கள். அந்தப் பூச்சியை வேறு எங்கும் யாரும் கண்டதில்லை.

மாயாண்டி கங்காணி, காட்டுக்கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆட்களோடு தேயிலைக்குள் குந்தியிருந்தார்.

“வாங்க சேரு. வேல மேப்பாக்குற கண்டாக்கையா சொன்னாரு. தேத்தண்ணி வாற வரைக்கும் நீங்க புடிங்க. தேத்தண்ணி குடிச்சதுக்குப் பொறகு நா சொன்னாலும் இவனுக கேக்கமாட்டானுக.”

“சரிங்கண்ணே.”

“அது தேயிலையத் திங்குமா?”

“இல்ல. மூங்கில் சாறு குடிக்கும்.”

“அப்ப என்னத்துக்குப் புடிக்கிறீங்க?”

“பேர் வைக்க.”

மாயாண்டி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “பேரில்லாத பூச்சியாம்டா. நம்ம லயத்துல சொறி நாயிக்குக்கூட பேரு இருக்கு.”

ஆட்கள் சிரித்தார்கள். றொக்சன் புதருக்குள் நுழைந்தான். ஜெரோமி பின்னால் வந்தான்.

வேலை எளிது. மூங்கிலுக்கடியில் வெள்ளைத் துணியை விரித்து, தண்டைத் தடியால் தட்ட வேண்டும். பூச்சி துணியில் விழும். விழுந்த வேகத்திலேயே தத்திப் போய்விடும். அதற்குள் உறிஞ்சு குழாயின் ஒரு நுனியை அதன் மேல் காட்டி, மறு நுனியை வாயில் வைத்து இழுத்துவிட வேண்டும். கேத்ரினுக்கு இது கைவந்த வேலை. துணியைப் பார்க்காமலே இழுப்பாள் என்று தோன்றும்.

முதல் தட்டலில் குஞ்சுகள் விழுந்தன. சிறகில்லாத குஞ்சு உதவாது. இரண்டாவது புதரில் வளர்ந்தது ஒன்று கிடைத்தது. குழாயை வெயிலுக்குப் பிடித்து லென்ஸில் பார்த்தான். வயிற்றின் அடியில் நீளப் பிளவு.

“பொட்டையா?” என்றான் ஜெரோமி.

“ம்.”

அடுத்ததும் பிளவு. அதற்கடுத்ததும். ஓடை ஓரமாக ஏறிக்கொண்டே போனார்கள். கீழே தேத்தண்ணி வாளி வந்துவிட்டது. தகரக் கோப்பைகளின் சத்தம் கேட்டது. றொக்சன் வேகமாகத் தட்டினான். புதரின் கடைசியில், ஓடை பாறையிலிருந்து விழும் இடத்தில், கேத்ரின் நின்ற அதே மூங்கில் இருந்தது. அதன் மேல்கிளையில் எரிந்த கூட்டின் கரி ஒட்டியிருந்தது.

அன்றைக்கு அவள் மேலே பாறையில் நின்றாள். இவன் கீழே. பூச்சியை இழுத்து, சீசாவில் தட்டி, தக்கை போட்டு இவனிடம் நீட்டினாள். இவன் வாங்கிப் பையில் போடவும் குளவி இறங்கவும் சரியாக இருந்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஓடக்கூடாது என்று தெரியும். படுத்துக்கொண்டாள். ஆனால் பாறையில் முகம் மறைக்க இடமில்லை.

றொக்சன் துணியை விரித்தான். தடியை ஓங்கித் தட்டினான்.

“மச்சான்,” என்றான் ஜெரோமி. குரல் மாறியிருந்தது. “படுங்க.”

இவனுக்கும் கேட்டது. கூடு எரிந்தாலும் குளவி எல்லாமே எரிந்துபோவதில்லை. மிஞ்சியது கிளையைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தா, பத்தா என்று எண்ண நேரமில்லை. இருவரும் குப்புற விழுந்தார்கள். ஜெரோமி மழைக்கோட்டை இவன் முதுகின் மேலும் இழுத்தான். றொக்சனின் முகம் வெள்ளைத் துணிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

ஒரு குளவி அவன் மணிக்கட்டில் உட்கார்ந்தது. நடந்தது. சட்டைக் கைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. வெளியே வந்தது.

அப்போதுதான் துணியில் இருந்ததைக் கண்டான். ஒரு தத்துப்பூச்சி. பழுப்பு நிறம், சிறகு இருந்தது. மற்றவற்றைவிட ஒல்லி. ஆண்கள்தான் ஒல்லியாக இருக்கும். பின்காலின் முள்ளைக்கூட அவனால் பார்க்க முடிந்தது. குழாய் அவன் வாயிலேயே இருந்தது. மறு நுனி கையில். கையை ஒரு விரற்கடை நகர்த்தினால் போதும். அந்தக் கையில்தான் குளவி இருந்தது.

நெஞ்சு அடித்தது. ஆறு மாதத்தில் அது அடிப்பதை அவன் அறிந்தது இப்போதுதான்.

“ஆடாதீங்க,” என்று மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஜெரோமி முணுமுணுத்தான். “கர்த்தரே, இந்த மனுசன ஆடாமப் பாத்துக்க.”

றொக்சன் கையை நகர்த்தினான். நூலளவு. குளவி நின்றது. இன்னும் நூலளவு. குழாயின் நுனி துணியில் ஏறியது. பூச்சி அசையவில்லை. இன்னும் கொஞ்சம். மூச்சை இழுக்க ஆயத்தமானான். குளவி கொட்டியது.

கை உதறியது. அவனைக் கேட்டு உதறவில்லை. பூச்சி இருந்த இடத்தில் வெறும் துணி இருந்தது.

குளவிகள் ஓடைக்கு அந்தப்பக்கம் போகும்வரை படுத்துக்கிடந்தார்கள். எழுந்தபோது கீழே முதல் மூங்கில் சாயும் சத்தம் கேட்டது. தேத்தண்ணி முடிந்திருந்தது. மாயாண்டி மேலே வந்து, வீங்கிய கையைப் பார்த்துவிட்டுப் பகிடி பேசாமல் வெற்றிலையை மென்று அதில் சுண்ணாம்போடு அப்பினார். “கெடச்சிச்சா சேரு?” என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கத்தியை எடுத்தார். கடைசி மூங்கிலை அவர்தான் வெட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் றொக்சன் மேசையைத் துடைத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து இரவலாகக் கொண்டுவந்த நுணுக்குக்காட்டியை வைத்தான். ஊசி, கிளிசரீன், காரம். பிறகு முன்னறைக்குப் போய், ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தட்டைப் பார்த்தான்.

தெரேசா கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். மருமகன் கையில் சீசாவைக் கண்டதும் படங்கை அவிழ்க்காமலே நின்றார்.

“அத என்ன செய்யப் போறீங்க?”

“பாக்கணும் அத்த.”

“பாத்துட்டு?”

“ஆணா இருந்தா வயித்த எடுக்கணும்.”

“எடுக்கிறதுன்னா?”

“வெட்டுறது.”

தெரேசா இரண்டு எட்டில் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். குளவி கொட்டிய கை. அவன் வலியைக் காட்டவில்லை. “எம் புள்ள புடிச்சது. அவ ஒடம்பயும் அங்க ஆஸ்பத்திரியில வெட்டித்தான் குடுத்தானுக. இதயும் வெட்டணுமா?”

“வெட்டாட்டி எழுத ஏலாது. எழுதாட்டி அவ பேரு வராது.”

“பேரு வந்தா?”

“ஒண்ணும் ஆகாது,” என்றான். “பேரு வரும். அவ்வளவுதான்.”

வாசலில் நின்ற ஜெரோமி, “விடும்மா,” என்றான். “நாலாம் நம்பர்ல இனி மூங்கிலே இல்ல. வேற பூச்சிக்கு எங்க போறது?”

தெரேசா பிடியை விட்டார். ஆனால் விலகவில்லை. “அப்ப நா இங்கனதான் நிப்பேன்,” என்றார்.

றொக்சன் தக்கையைத் திறந்தான். மூக்கருகே கொண்டுபோனான். மறுபடியும் முகர்ந்து பார்த்தான். அற்ககோல் மணம் இல்லை. லேசான அழுகல் வாடைதான் வந்தது.

“அத்த, இதுல என்ன இருக்கு?”

தெரேசா முந்தானையைக் கையில் சுருட்டினார். “மெழுகுதிரி சூட்டுல கொறஞ்சி கொறஞ்சி வந்திச்சி மாப்புள. பூச்சி காஞ்சி ஒட்டிக்கிட்டு கெடந்திச்சி. பாக்க ஏலல. மடு மாதா கோயில் திருநாளுக்குப் போனப்ப கொண்டாந்த தீர்த்தம் இருந்திச்சி. அத ஊத்துனேன்.”

“எப்ப?”

“கொறையிறப்பல்லாம்.”

அற்ககோலில் பூச்சி நூறு வருடம் கிடக்கும். தண்ணீரில் கிடக்காது. மூட்டு தளரும், சதை அழுகும். இந்தப் பாடத்தை அவன் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன்.

“தப்பா மாப்புள?”

“தெரியல. பாக்கணும்.”

சீசாவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கவிழ்த்தான். கலங்கிய தண்ணீரோடு பூச்சி விழுந்தது. சிறகு ஒன்று தனியாக மிதந்தது. முன்காலும் தனியாக. ஜெரோமி போன் வெளிச்சத்தைக் காட்டினான், மறு கையால் மிதந்த சிறகைத் தொடப் போனான். “கையச் சும்மா வையிடா,” என்றார் தெரேசா.

றொக்சன் குனிந்தான். முதலில் மங்கலாகத் தெரிந்தது. குமிழைத் திருகினான். தலை. நெற்றியில் இரண்டு கோடுகள், இருந்தன. பின்கால் இருந்தது, அதில் முள்ளும் இருந்தது. ஊசியால் தள்ளி, பூச்சியை மல்லாக்கப் புரட்டினான். வயிற்றின் மேல் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. ஈரத் தூரிகையால் ஒற்றினான். விலகவில்லை. மீண்டும் ஒற்றினான். கொஞ்சம் விலகியது.

பிளவைத் தேடினான். பிளவு இல்லை. பூசணம் மறைக்கிறதோ என்று இன்னும் கொஞ்சம் ஒற்றினான். பிளவு இல்லை. வயிற்றின் நுனி ஒரு கிண்ணம்போலத் திறந்திருந்தது. கிண்ணத்துக்குள்ளிருந்து இரண்டு கொக்கிகள் எட்டிப்பார்த்தன.

தலையை எடுத்தான். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

“என்ன?” என்றார் தெரேசா.

“ஆண்.”

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, “வெட்டுங்க,” என்றார். “நா பாக்கல.” ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

றொக்சன் மெல்லிய ஊசியை எடுத்தான். வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். கொஞ்சம் தவறினால் கொக்கி முறியும். முறிந்தால் இனி இல்லை. வீங்கிய கை ஊசியைச் சரியாகப் பிடிக்கவில்லை. இடக்கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டான். மூச்சை நிறுத்தினான். ஊசி நுனி பட்டது.

அழுத்தவே இல்லை. பட்டதும் வயிறு தானாகக் கழன்று நகர்ந்தது. தண்ணீர் மூட்டைத் தளர்த்தி வைத்திருந்தது. வெட்ட ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அவன் அதை ஊசி நுனியில் ஏந்திக் காரத்தில் விட்டான். சிறு குப்பியைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் நிறுத்தினான். காத்திருந்தார்கள். அழுக்குச் சதை புகைபோல எழுந்து கரைந்தது. கெட்டியான ஓடு மட்டும் நின்றது. கழுவி, கிளிசரீனில் இட்டுப் பார்த்தபோது, தேத்தண்ணி நிறத்தில், கண்ணாடிபோலத் தெளிவாக, கொக்கிகள் இரண்டும் முழுசாக இருந்தன. ஒவ்வொன்றின் நுனியும் இரண்டாகப் பிரிந்து வளைந்திருந்தது. அவன் படித்த எந்த இனத்திலும் இப்படிப் பிரிந்ததாக எழுதியிருக்கவில்லை. பென்சிலை எடுத்தான்.

ஜெரோமி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “இம்புட்டுச் சாமானுக்கா இம்புட்டுப் பாடு?”

“வாய மூடுடா,” என்றார் தெரேசா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு அடுப்படிக்குப் போய்க் கேத்திலை வைத்தார்.

றொக்சன் வரைந்தான். இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து. கை வலித்தபோது நிறுத்தி, மறுபடி வரைந்தான். அஸீலாவுக்கு ஒரே சொல் அனுப்பினான்: ஆண். அவள் உடனே அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. கொக்கியின் நுனியை இன்னும் வரைந்து முடிக்கவில்லை.

கேத்ரின் சாகும்போது மாதாவைக் கூப்பிட்டாள் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். அடக்கப் பூசையில் சாமியாரும் அப்படித்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறியில் அவளோடு இருந்தது றொக்சன் மட்டும். கேட்டவர்களிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கொழுந்து லொறி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்குகளின் மேல் அவள் படுத்திருந்தாள். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்கிறாளோ என்று அவன் காதை அவள் வாயருகே வைத்தான். வீங்கிய உதடு சரியாக அசையவில்லை, ஆனால் தெளிவாகத்தான் கேட்டாள்.

“ஆணா, பொட்டையா? பாத்தீங்களா?”